காற்று வட்டம் போட்டு வீசாது

அன்புள்ள தம்பிக்கு,

காற்றில் நஞ்சு பரவினால் ஓர் ஊரையே வெளியேற்றக் கணினி உதவுமா என்று கேட்டிருந்தாய். உதவும். ஆனால் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அது உதவாமல் போன கதையை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்து அங்கிருந்த அணுமின் நிலையத்தின் மின்சாரம் போனது. அன்றிரவு 3 கிலோமீட்டர், மறுநாள் காலை 10, மாலையில் 20 என்று அரசு நிலையத்தைச் சுற்றிய வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், உள்ளே இருந்தவர்களை வெளியேறச் சொன்னது. அருகிலிருந்த நமியே ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் வடமேற்கே மலைப்பக்கம் இருந்த ட்சுஷிமாவுக்குப் போய்த் தங்கினார்கள். உலையிலிருந்து அவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைத்தார்கள். 15ஆம் தேதி கசிவு பெருகியபோது காற்று அதே வடமேற்கே திரும்பியது. மழையும் பனியும் கதிரியக்கத் துகள்களை அந்த மண்ணில் இறக்கின.

ஜப்பானிடம் இதற்கென்றே ஸ்பீடி என்ற கணினி அமைப்பு இருந்தது. காற்றின் திசை, வேகம், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றை வைத்துத் துகள்கள் போகும் வழியைக் கணிப்பது அதன் வேலை. கசிவை அளந்து சொல்லும் தகவல் நின்றுபோனதால், மணிக்கு ஒரு பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கசிவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். அளவு தெரியாது, திசை தெரியும். அந்தத் திசைகூட நமியே மக்களுக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஸ்பீடி கணித்த படங்கள் வெளியானது மார்ச் 23இல். இதை எழுதும்போதுகூட எனக்கு மனம் ஆறவில்லை.

வெளியேற்ற முடிவுகளுக்கு ஸ்பீடியை நம்புவதில்லை என்று 2014இல் ஜப்பானின் அணு ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானித்தது. எப்போது, எவ்வளவு கசியும் என்று முன்கூட்டித் தெரியாதபோது ஒற்றைக் கணிப்பை நம்பி ஊரை நகர்த்தக்கூடாது என்பது நியாயமே. அதனால்தான் சொல்கிறேன்: விபத்துக்கு முன்பே, காற்றை வெவ்வேறு நேரத்தில் திருப்பி நூற்றுக்கணக்கான தடவை கணினியில் ஒத்திகை ஓட்டி வைத்திருக்க வேண்டும்.

அந்த ஒத்திகையில் மனிதர்களும் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் சாலை அடைத்துக்கொள்ளும். நஞ்சு கடந்துபோகும்வரை காருக்குள் சிக்கியிருப்பதைவிட, சன்னலைச் சாத்தி வீட்டிலேயே இருப்பது சில வேளை நல்லது. படுத்த படுக்கையான நோயாளிகளை என்ன செய்வது? ஃபுகுஷிமாவில் மருத்துவமனையிலிருந்து அவசரமாக நகர்த்தப்பட்ட முதியவர்கள் பலர் கதிர்வீச்சால் அல்ல, அந்த அலைக்கழிப்பில் இறந்தார்கள். ஒவ்வொருவரும் எங்கே, எவ்வளவு நேரம், எவ்வளவு நஞ்சைச் சுவாசிப்பார் என்று கூட்டிப் பார்க்காத நிரல் பாதிக் கணக்குதான்.

நீ எழுதத் தொடங்கியிருக்கும் நிரலில் கார் இல்லாத வீடுகளையும் சேர்த்துவிடு. ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் அக்கா