பழைய எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முறை

சந்தையில் மாடு பிடிக்கச் செல்பவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். பழைய பெட்ரோல் எஞ்சின் வாங்குவோரும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். கையால் சுற்றும் கடலை உடைக்கும் எந்திரத்தை ஓட்ட ஒரு சிறு எஞ்சின் தேடிப் புதுக்கோட்டையின் பழைய இரும்புக் கடைகளில் நான் அலைந்தபோது கற்றவற்றை இங்கே தொகுத்துரைக்கிறேன்.

நம் பகுதியில் எளிதில் கிடைப்பது மொபெட் எஞ்சினே. 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, ஏறத்தாழ 50 சி.சி. கொள்ளளவுள்ள 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சினைக் கொண்டது. இவ்வகையில் மேலே திறந்து மூடும் வால்வுகள் இல்லை, உறுப்புகள் குறைவு. ஆதலின் மாணவரும் பிரித்துப் பூட்டலாம். பெட்ரோலுடன் எண்ணெய் கலந்தே ஊற்ற வேண்டும் என்பதை மறத்தலாகாது.

முதற் சோதனை அழுத்தம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் அடைத்து எஞ்சினைச் சுற்றுக. காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளாவிடில் சிறிது எண்ணெயை உள்ளே விட்டு மீண்டும் சுற்றுக. அழுத்தம் கூடினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன எனக் கொள்ளலாம். அடுத்து, பிளக்கின் முனை இளம் பழுப்பாயிருப்பின் எரிதல் செவ்வையாக நடந்திருக்கிறது. மூன்றாவதாக, கிராங்க் தண்டை அசைத்துப் பார்த்து ஆட்டம் உண்டா என அறிக.

மொபெட் எஞ்சின் ஓடும்போது எதிர்க்காற்றால் குளிர்கிறது. ஓரிடத்தில் நிறுத்தி ஓட்டினால் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். எனவே காற்றாடி ஒன்றைப் பொருத்துதல் இன்றியமையாதது. புகையில் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு உண்டு. திறந்த வெளியிலேயே ஓட்டுக.

நான் பார்த்த மூன்றில் ஒன்று முதற் சோதனையிலேயே தோற்றது. இன்னொன்றில் எஞ்சின் எண் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. விலை மலிவாயினும் விட்டுவிட்டேன். திருட்டு வண்டியின் உறுப்பு நம் கைக்கு வந்தால் வழக்கும் உடன் வரும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஓடாது கைவிடப்பட்ட வண்டியைப் பற்றி உரிமையாளர் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். அந்தச் சான்றையும் ரசீதையும் கேட்டு வாங்குக. மூன்றாவது எஞ்சின் இவ்விரண்டுடனும் வந்தது. அதுவே இன்று எங்கள் கடலையை உடைக்கிறது.

கோவை ஜி. டி. நாயுடு (1893–1974) ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஆங்கிலேய அதிகாரியொருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டியே எந்திரவியல் கற்றார். பழையது என்று ஒதுக்கப்பட்ட எஞ்சினும் நமக்கு ஓர் ஆய்வுக்கூடமே. ஆய்ந்து வாங்குவோம்!