பழுப்பு நிலக்கரியும் பகிர்ந்த அறிவும்

நிலத்தின் கீழ்ப் புதைந்து கிடக்கும் செல்வங்களுள் பழுப்பு நிலக்கரியும் ஒன்று. பண்டைக் காலத்துத் தாவரங்கள் மண்ணுள் அழுந்தி, நெடுங்காலம் கிடந்து இக்கரியாயின. கருநிலக்கரியை நோக்க இஃது இளமையானது, ஈரம் மிக்கது. இதன் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே ஆகும். ஆதலின், இதனைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு செல்வது நீரைச் சுமந்து செல்வதை ஒக்கும். நெடுநாள் குவித்து வைப்பின், தானே தீப்பற்றவும் கூடும். எனவே, சுரங்கத்தின் அருகிலேயே மின்நிலையம் அமைத்தல் பல நாடுகளிலும் வழக்கமாயிற்று.

கடலூர் மாவட்டத்து நெய்வேலியில், 1930களில், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் அது பழுப்பு நிலக்கரி எனக் காட்டின. 1956இல் அதற்கென ஒரு நிறுவனம் தோன்றியது. 1957இல் அகழ்வு தொடங்கியது. இத்தொழிலில் தேர்ந்த ஜெர்மனியிலிருந்து வாளிச்சக்கர அகழ்வு எந்திரங்கள் வந்தன. அனல் மின்நிலையம் சோவியத் நாட்டின் துணையுடன் எழுந்தது. 1962இல் அங்கு மின்னாக்கம் தொடங்கியது.

எனினும், எந்திரம் வந்ததனால் மட்டும் வேலை முடிந்துவிடவில்லை. ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியில் கரியின் மேலுள்ள மண் மென்மையானது; நெய்வேலியிலோ வன்மையான மணற்பாறை. அதனைக் கடித்த எந்திரப் பற்கள் விரைவில் தேய்ந்தன. பொறியாளர் சோர்ந்திலர். முதலில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தினர். பற்களையும் அந்நிலத்திற்கு ஏற்பத் திருத்தினர்.

மற்றோர் இடரும் இருந்தது. கரிப்படுகையின் அடியில் ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை அழுத்தத்துடன் மேல்நோக்கி உந்தி நின்றது. மேலுள்ள மண்ணை அகற்றின், அந்நீர் சுரங்கத் தரையைப் பிளந்து பொங்கும். ஆகவே, ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்தனர்.

இவ்வாறு பெற்ற பட்டறிவு நெய்வேலியோடு நின்றுவிடவில்லை. பின்னாளில் அந்நிறுவனமே இராசத்தான் மாநிலத்துப் பர்சிங்சரில் சுரங்கமும் மின்நிலையமும் அமைத்தது. நெய்வேலியின் முதல் மின்நிலையம் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 2020இல் ஓய்வு பெற்றது.

மின்னொளியின் பின்னே இழப்பும் உண்டு. அகழ்விற்காகச் சிற்றூர் மக்கள் பலர் தம் வீட்டையும் விளைநிலத்தையும் விட்டு நீங்கினர். கரி எரியுங்கால் எழும் கரியமில வாயு உலகின் வெப்பத்தை மிகுவிக்கிறது. ஆகவே, கரியை எடுக்கும் முறையைப் பகிர்ந்துகொள்வது மட்டும் போதாது. அகழ்ந்த நிலத்தைத் திருத்தி மரம் வளர்த்தல், புகையிலுள்ள சாம்பலைத் தடுத்தல், இடம் பெயர்ந்தோர்க்கு வாழ்வளித்தல் ஆகியவற்றிலும் ஒருவர் கண்ட நல்வழி பிறர்க்கும் பயன்பட வேண்டும்.

பிறரிடம் கற்பது இழிவன்று. கற்றதைத் தம் மண்ணுக்கேற்பத் திருத்தாமல் அவ்வாறே கொள்வதே குறையாகும். பெற்ற அறிவைப் பெருக்கிப் பிறர்க்கும் அளிப்பதே அறிவுடையார் கடன்.