மாட்டுங்காவிலிருந்து ஸ்பிதிக்கு, அரசு பஸ்ஸில்

பாந்த்ரா டெர்மினஸில் சண்டிகர் ரயிலைப் பிடித்துவிட்டால், அதற்கப்புறம் கார் வேண்டாம். இமாசல அரசு பஸ்களே சிம்லா, ரெக்காங் பியோ, ஸ்பிதியிலுள்ள காஸா வரை கொண்டுபோய் விடும்.

எந்தப் பக்கமிருந்து ஏறுவது என்பதுதான் முக்கியம். மணாலி வழி குறுக்குவழிதான். ஆனால் 2,000 மீட்டரில் கிளம்பி ஒரே நாளில் 4,500 மீட்டரைத் தாண்டும் குன்ஸும் கணவாயைக் கடக்க வேண்டும். கடல் மட்டத்தில் வாழும் நமக்குத் தலைவலியும் வாந்தியும் வரலாம். தவிர, அந்தக் கணவாய் பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். சிம்லா வழியே போனால் உயரம் படிப்படியாகக் கூடும். ரெக்காங் பியோவில் ஓர் இரவு, நாக்கோ அல்லது தாபோவில் ஓர் இரவு தங்குங்கள். தாபோ மடம் கி.பி. 996-இல் கட்டியது, அதற்காகவே இறங்கலாம்.

பியோ–காஸா பஸ் விடியலில் கிளம்பும். ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு ஒரு பகல் முழுக்க ஆகும். நேரத்தை முந்தின நாளே பஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கத்தைப் பியோவிலேயே எடுத்துவிடுங்கள், மலைமேல் ஏ.டி.எம்.மை நம்பக் கூடாது. மாட்டுங்கா கடைப் பருப்புப்பொடி ஒரு பொட்டலம் இருந்தால் எந்த ஊர்ச் சோறும் இறங்கும்.

அமெரிக்க அத்திம்பேர் உடன் வந்தால், வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு முன் அனுமதி தேவை. அதைப் பியோவில் வாங்கலாம். நாக்கோவை அடுத்த மல்லிங் ஓடையில் மண்சரிவு சகஜம். ஆகவே திரும்பும் ரயிலுக்கு முன்னால் இரண்டு நாள் காலியாக விட்டே டிக்கெட் எடுங்கள்.