வளைந்த கோட்டை நேராக்கும் கணிதம்

அடுப்படியில் உள்ள எவர்சில்வர் கரண்டியின் முதுகுப் புறத்தை முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும். பின்னால் உள்ள ஜன்னல் கம்பிகள் வில்லைப் போல் வளைந்திருக்கும். ஆனால் ஒரு நன்மையும் உண்டு. அந்தச் சிறு கரண்டிக்குள் அறை முழுவதும் அடங்கிவிடுகிறதன்றோ? அகலமாகப் பார்க்க வேண்டுமானால் வளைவைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனங்களின் பின்புறக் காமிராவுக்கும் இதே சங்கடம்தான். விஞ்ஞானிகள் அதை எவ்வாறு தீர்த்தார்கள் என்று இக்கட்டுரையில் காண்போம்.

காமிரா எதற்கு?

காரை ஓட்டுபவர் எவ்வளவுதான் திரும்பிப் பார்த்தாலும், வண்டியை ஒட்டிய பின்புறத் தரை அவர் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டில், கேமரன் குல்பிரான்சன் என்னும் இரண்டு வயதுக் குழந்தை, பின்னோக்கி வந்த தன் தந்தையின் வண்டியிலேயே அடிபட்டு இறந்தது. அக்குழந்தையின் பெயரால் 2008-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் பயனாக, 2018 மே மாதம் முதல் அந்நாட்டின் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் காட்சி தெரிய வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள தரை திரையில் தெரிய வேண்டும். பின்னோக்கும் கியரைப் போட்ட 2 வினாடிகளுக்குள் படம் வந்துவிட வேண்டும். ஆகவே, அகலக் கோண லென்ஸும் வேண்டும், விரைவும் வேண்டும்.

மீனின் கண்

1906-இல் ராபர்ட் உட் என்னும் அமெரிக்க இயற்பியல் அறிஞர், மீனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று அறிய விரும்பினார். நீர் நிரப்பிய பாத்திரத்தையே ஊசித்துளைக் காமிராவாக்கிப் படம் எடுத்தார். நீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால், 180 பாகை உலகமும் ஏறக்குறைய 97 பாகைக் கூம்புக்குள் அடங்கிவிடும். நாம் பாடத்தில் படிக்கும் ஒளி விலகலே இதற்குக் காரணம். இதனால்தான் மிக அகலமான லென்ஸுக்கு 'மீன்கண் லென்ஸ்' என்ற பெயர் ஏற்பட்டது.

கோணல் வந்த கணக்கு

சாதாரணக் காமிராவில், ஒரு பொருளின் பிம்பம் படத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும் என்பதைக் கோணத்தின் டேன்ஜென்ட் சொல்லும். குவிய தூரத்தை 1 என்று கொள்வோம். 45 பாகையில் தூரம் 1. 60 பாகையில் 1.73, 80 பாகையில் 5.67. 90 பாகையிலோ எல்லையே இல்லை! இத்தனை பெரிய படத்தை எந்தத் தகட்டில் எடுப்பது?

மீன்கண் லென்ஸ்களில் ஒரு வகை, கோணத்துக்கு நேர் விகிதத்தில் பிம்பத்தை வைக்கிறது. அதில் 45 பாகைக்கு 0.79, 60 பாகைக்கு 1.05, 80 பாகைக்கு 1.40, 90 பாகைக்கு 1.57 மட்டுமே. எல்லாம் அடங்கிவிட்டது, ஆனால் ஓரங்கள் நெருக்கப்பட்டுவிட்டன. அதனால் நேர்கோடுகள் பீப்பாயின் பக்கங்களைப் போல் புடைத்துத் தெரிகின்றன. ஓரத்தில் நிற்கும் குழந்தை சிறிதாகத் தெரிவதால், அது தொலைவில் நிற்பதாக ஓட்டுபவர் எண்ணிவிடக்கூடும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

திருத்தும் முறை

முதலில் லென்ஸின் குற்றத்தை அளக்க வேண்டும். 1971-இல் டுவேன் பிரவுன் என்பவர் கொத்தனாரின் தூக்குக்குண்டைப் போல் எடை கட்டிய நூல்களைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தார். நூல் நேரானது, படத்தில் அது வளைந்தால் குற்றம் லென்ஸினுடையது. எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து திருத்தும் எண்கள் கிடைத்தன. 2000-இல் ஜெங்யோ ஜாங், சதுரங்கக் கட்டம் அச்சிட்ட தாளைப் பல சாய்வுகளில் படம் எடுத்தாலே போதும் என்று காட்டினார்.

அடுத்து, கோணல் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் எடுத்துச் சரியான இடத்தில் வைத்தால் என்ன? ஓரங்கள் விரியும்போது, குறைந்த பூக்களை நீண்ட நாரில் தொடுத்ததுபோல் இடையிடையே வெற்றிடம் தெரியும். ஆகையால் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார்கள். புதிய படத்தின் ஒவ்வொரு புள்ளியும், 'என் நிறம் பழைய படத்தில் எங்கே இருக்கிறது?' என்று கேட்க வேண்டும். அப்போது எந்த இடமும் காலியாக இராது.

விடை சில வேளை நான்கு புள்ளிகளுக்கு நடுவே விழும். உதாரணமாக, மேல் வரிசையின் ஒளி அளவுகள் 80, 120. கீழ் வரிசையில் 100, 140. நாம் தேடும் இடம் இடப்புறத்திலிருந்து கால் பங்கும், மேலிருந்து அரைப் பங்கும் தள்ளி உள்ளது. மேல் வரிசையில் கால் பங்கு சென்றால் 90. கீழ் வரிசையில் 110. இரண்டின் சராசரி 100. அதுவே விடை!

விரைவின் ரகசியம்

1280 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் உள்ள படத்தில் 9,21,600 புள்ளிகள். வினாடிக்கு 30 படங்கள் என்றால் 2,76,48,000 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறையும் திரிகோணமிதிக் கணக்குப் போட்டால், காரிலுள்ள சிறு கணிப்பொறி திணறிவிடும்.

நாம் 7 x 8 எத்தனை என்று கேட்டால் ஏழை எட்டு முறை கூட்டுகிறோமா? இல்லை, வாய்ப்பாடு தெரியும். லென்ஸும் ஓடும் வண்டியில் மாறுவதில்லை. எனவே எந்தப் புள்ளிக்கு எந்த இடம் என்பதை முன்பே ஒரு முறை கணக்கிட்டு வாய்ப்பாடாக எழுதி வைத்துவிடுகிறார்கள். அதையும் சுருக்கலாம். 16 புள்ளிக்கு ஒன்றாகக் குறித்தால் 81 x 46, அதாவது 3,726 இடங்களே போதும். இடைப்பட்டவற்றை மேலே கண்ட சராசரி முறையிலேயே பெறலாம்.

முழுத் திருத்தம் உண்டா?

ஓரங்களை முற்றிலும் நேராக்கினால் அவை அளவுக்கு மீறி இழுபட்டு மங்கும். மூலைகளை வெட்டவும் நேரும். உருண்டையான பூமியைத் தட்டையான தேசப்படமாக்கும்போது ஏதேனும் ஒன்று கெடுவதைப் போன்றது இது. வெட்டிய மூலையில் ஒரு குழந்தை நின்றால்? ஆகவே சில முறைகளில் படத்தை உருளையின் மேல் விரித்ததுபோல் அமைக்கிறார்கள். தூண்களும் மனிதரும் நிமிர்ந்து நிற்பர். கிடைக்கோடுகள் மட்டும் சற்று வளையும். அழகைவிட ஓர் உயிர் கண்ணுக்குத் தெரிவதே முக்கியம் என்பது அதன் பொருள். 2007-இல் நிசான் நிறுவனம் நான்கு காமிராக்களின் படங்களைத் திருத்தி இணைத்து, வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோலக் காட்டியது.

முடிவுரை

டேன்ஜென்டும் நேர் விகிதமும் சராசரியும் தேர்வுக்காக மட்டும் படிக்கும் பாடங்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவை ஒரு தாயின் மடியை வெறுமையாகாமல் காக்கவும் உதவுகின்றன. ஆயினும் திரை ஒரு துணையே. சேறு படிந்த லென்ஸை எந்தக் கணிதமும் துடைக்காது. எனவே பெற்றோர்களே, வண்டியைப் பின்னால் எடுக்குமுன் ஒரு முறை இறங்கிச் சுற்றிப் பாருங்கள். தோழியரே, தம்பி தங்கையரின் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி வெளியேறும்வரை ஒதுங்கி நில்லுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி