பாலாற்றங்கரைக் குரோமியம்: மண் மீட்புப் பணிக்கு வரும் இளைஞருக்கு

ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் உப்புத் தொழிற்சாலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்தவெளியில் விட்டுச் சென்றது. மழைக்குப் பின் அந்தக் குவியலிலிருந்து கசிந்த நீர் பளிச்சென்ற மஞ்சள் நிறம். கன உலோக மாசை அகற்றும் பணிக்கு வருபவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் அந்த மஞ்சள்தான்.

தோல் ஷாப்புகள் பதனிடப் பயன்படுத்துவது மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள பச்சைக் குரோம் உப்பு. அது மண்ணில் ஒட்டிக்கொள்ளும்; எளிதில் நகராது. குரோமியத் தாதுவைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து வறுக்கும்போது உண்டாவது ஆறாம் நிலைக் குரோமியம். குவியலின் மஞ்சளுக்குக் காரணம் அதுதான்; அது நீரில் கரைந்து நிலத்தடி நீரோடு பயணப்படும். ஊரில் பழி முழுவதும் தோல் ஷாப்புகள்மேல் விழுவது வழக்கம். அவற்றின் உப்பும் கழிவுநீரும் பாலாற்றுப் படுகையைக் கெடுத்தது உண்மை. ஆனால் மஞ்சள் நீரின் கணக்கு வேறு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதும் அறிக்கையால் பயன் குறைவு.

ஆறாம் நிலைக் குரோமேட் அயனி வடிவில் சல்பேட்டை ஒத்தது. செல் அதைச் சல்பேட் என்றே எண்ணி உள்ளே விடுகிறது. உள்ளே அது மூன்றாம் நிலைக்கு இறங்கும் வழியில் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. ஆலைத் தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுத்தண்டு துளைபடுவதும் நுரையீரல் புற்றுநோயும் இதனால் வருபவை. பயிரில் வேர் குறுகி, இலை வெளிறும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தரம் அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

மாதிரி எடுப்பதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். உலோகச் சோதனை என்றாலே புட்டியில் நைட்ரிக் அமிலம் விடுவது பழக்கம். மொத்தக் குரோமியத்துக்கு அது சரி. ஆறாம் நிலையை அளக்க வேண்டிய நீரில் அமிலம் விட்டால், அது ஆய்வகம் போய்ச் சேருமுன் மூன்றாம் நிலையாக மாறி, கிணறு சுத்தம் என்ற பொய்யான முடிவைத் தரக்கூடும். அந்தப் புட்டியைக் காரநிலையில், பிஎச் 9-க்கு மேல், குளிரில் வைக்க வேண்டும். ஆய்வகத்தில் அமிலமாக்கி டைபினைல்கார்பசைடு சேர்த்ததும் செவ்வூதா நிறம் எழுந்தால் ஆறாம் நிலை இருக்கிறது.

இயற்கை முறைகளில் இங்கே நம்பத்தக்கவை நுண்ணுயிரிகள். பேசில்லஸ், சூடோமோனாஸ் இனங்களில் சில, ஆறாம் நிலையை மூன்றாம் நிலையாக ஒடுக்குகின்றன. அவற்றுக்குத் தீனியாகச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகோ மக்கிய எருவோ போதும். ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு மிகுந்திருந்தால் மூன்றாம் நிலை மெல்ல மீண்டும் ஆறாகலாம். ஒருமுறை அளந்துவிட்டு வேலை முடிந்தது என எழுதுவது தவறு.

செடிகளிடம் எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். ஆர்சனிக்கைத் தண்டுக்கும் இலைக்கும் ஏற்றிச் சேமிக்கும் பெரணி ஒன்று 2001-இல் அறியப்பட்டது. நியூ கலிடோனியாவில் நிக்கலால் நீலப்பச்சையான பாலைக் கசியும் மரமே உண்டு. குரோமியத்தில் அந்த அதிர்ஷ்டம் அரிது. வெட்டிவேர் அதைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். மண் அரிப்பையும் புழுதியையும் தடுக்க அது அருமையான புல். உலோகத்தை வெளியே எடுத்துவிடும் என்று சொல்வது மிகை. கடுங்காரமான குவியலின்மீது அதுவும் தழைக்காது. குவியலை முதலில் மூடவோ அகற்றவோ வேண்டும், நடவு சுற்றுநிலத்துக்கு. அறுத்த புல்லை ஆட்டுக்கும் அடுப்புக்கும் விடாமல் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். உலோகம் அழிவதில்லை, இடம் மாறுகிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெட்ட சூழலை மீட்கும் செலவும் மாசுபடுத்தியவரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அந்தச் செலவை வாங்கித் தரக்கூடியவை முறையான அளவீடுகளே. ஒவ்வொரு கிணற்றிலும் மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து, தேதியும் ஆழமும் பிஎச்சும் குறித்து வைக்க வேண்டும்.