வேரில் பூஞ்சையா? இருக்கட்டும்

நம்பிக்கை: வேரில் பூஞ்சை வந்தால் மரம் அழுகும்.

கொடைக்கானல் பைன் காட்டில் ஈரச் சருகை விலக்கி, மெல்லிய வேர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நுனிகள் உண்டிவில் கவட்டைபோல இரண்டிரண்டாகப் பிரிந்து, வேர்த்தூவியே இல்லாமல் மழுங்கியிருக்கும். நோயில்லை. பூஞ்சை அந்த நுனிக்கு உறை மாட்டியிருக்கிறது. தூவியின் வேலையை அதன் இழைகள் எடுத்துக்கொண்டு, வேர் எட்டாத இண்டு இடுக்கிலிருந்தும் நீரும் மணிச்சத்தும் கொண்டுவருகின்றன. கூலி: மரம் தரும் சர்க்கரை. 1885-இல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர் இதற்கு ‘மைக்கோரைசா’, அதாவது பூஞ்சைவேர், என்று பெயர் வைத்தார். பிரஷ்ய அரசு அவரிடம் கேட்டதோ டிரஃபிள் காளானை வளர்க்க வழி!

அந்தக் கவட்டையில் ஆக்சினுக்குப் பங்குண்டு. கொழுந்தில் சுரந்து வேருக்கு இறங்கும் இந்த ஹார்மோனை இவ்வகைப் பூஞ்சைகள் பலவும் தாமே தயாரிக்கும். பூஞ்சையே இல்லாமல் ஆக்சின் மட்டும் கொடுத்தும் பைன் வேரை இப்படிக் கிளைக்க வைத்திருக்கிறார்கள்.

மா, வேப்பமர வேர்களில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே பூஞ்சை வேருக்குள்ளேயே குடியிருக்கும்; சாயமேற்றி நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். கொழகொழவென்று தோல் உரிந்துவந்தால் அது அழுகல்.

நம்பிக்கை: வேர் பவுடர் கூடினால் வேரும் கூடும்.

போத்து நடும்போது வேர்விடத் தடவும் பவுடரில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்ரிக் அமிலம்; அதுவும் ஆக்சின் வகைதான். போத்தின் அடியில் வேர் அரும்ப அது உதவும். அரும்பிய வேர் நீளவோ துளி போதும். மிஞ்சினால் வளர்ச்சி நின்றுவிடும். பஜ்ஜி மாவில் தோய்ப்பதுபோல் தோய்த்தால் அடி கறுத்துப்போகும். முருங்கைப் போத்துக்குப் பவுடரே எதற்கு?

நம்பிக்கை: ‘வேம்’ உரத்தோடு சூப்பர் பாஸ்பேட்டையும் அள்ளிப் போட்டால் இரட்டை லாபம்.

‘வேம்’ (VAM) என்பது மா, வேம்பு போல வேருக்குள் குடியிருக்கும் வகைப் பூஞ்சை. மணிச்சத்துக்குப் பசித்த வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடும். அதை உணர்ந்து வேம் பூஞ்சையின் இழைகள் கிளைக்கின்றன என்று 2005-இல் தெரிந்தது. அதே பொருள் செடிக்குள் கிளை விடுவதைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் என்று 2008-இல். குழியில் சூப்பர் பாஸ்பேட்டாக மணிச்சத்தைக் கொட்டினால் வேர் கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய பூஞ்சை சும்மா கிடக்கும்.

இந்த அழைப்பைச் சுடுமல்லியும் ஒட்டுக்கேட்கிறது. சோளக்காட்டில் வருடக்கணக்கில் உறங்கும் அந்தக் களையின் விதை, இந்தக் கசிவு பட்டால்தான் முளைத்து வேரில் ஒட்டும். ஸ்ட்ரைகோலாக்டோனுக்குப் பெயர் கொடுத்ததே சுடுமல்லியின் தாவரவியல் பெயரான ஸ்ட்ரைகாதான்.

வேம் போடுவதானால் நாற்றுப் பையிலேயே, விதைக்குச் சற்றுக் கீழே போடுங்கள். இறங்கும் வேர் அதைத் தொட்டுக்கொண்டே போகும்.