மெய்ப்பாடும் மூளையும்

நீலகிரியின் மேலைப் பகுதியில், கேரள எல்லையை அடுத்துள்ள ஊர் சேரம்பாடி. தேயிலைத் தோட்டமும் காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால், யானை ஊருக்குள் வருதல் அங்குப் புதுமையன்று. அவ்வூரில் யான் தமிழ் கற்பித்த நாளில், சினந்து பாயும் யானையின் படமொன்றை வகுப்பில் காட்டினேன். மாணவியர் சிலர் முகத்தை மூடிக்கொண்டனர். மாணவர் பலர் நகைத்தனர். எல்லாரினும் உரக்க நகைத்த சிறுவனை அருகழைத்துக் கையைப் பற்றினேன். உள்ளங்கை வியர்வையால் நனைந்திருந்தது.

உள்ளத்து உணர்ச்சி உடலின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் இதற்கெனத் தனி இயலே வகுத்து, மெய்ப்பாடுகள் எட்டு என்றார். அவற்றுள் அச்சமும் ஒன்று, நகையும் ஒன்று. நகை அச்சத்தை மறைக்கவும் வரும் என்பதை அச்சிறுவனிடமே யான் கற்றேன்.

பெண்டிர் எளிதில் கலங்குவர், ஆடவர் கலங்கார் என்று உலகம் கூறும். அது மெய்தானா? இக்கால அறிவியலார் முகத்தளவில் நில்லாது மூளையையே நோக்கினர். மூளையினுள் பக்கத்துக்கு ஒன்றாக, வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உண்டு. அஞ்சத்தக்கதைக் கண்டவுடன் நெஞ்சு படபடப்பதிலும் கை வியர்ப்பதிலும் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

துர்கான் கான்லி முதலிய அமெரிக்க அறிஞர் 2002-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆடவர் 12 பேரும் மகளிர் 12 பேரும் 96 படங்களைக் காணும்போது, அவர்தம் மூளையின் இயக்கத்தைக் கருவியால் அளந்தனர். மூன்று வாரம் கழித்து வினவியபோது, உள்ளத்தை மிக உலுக்கிய படங்களை மகளிரே நன்கு நினைவுகூர்ந்தனர். அந்நினைவோடு தொடர்புற்றது மகளிர்க்கு இடப்பக்க அமிக்டலா, ஆடவர்க்கு வலப்பக்கத்தது.

இதுகொண்டு ஆண்மூளை வேறு, பெண்மூளை வேறு என முடிவு கட்டலாமோ? இருபத்து நால்வர் உலகத்தார் அனைவர்க்கும் சான்றாகார். லிஸ் எலியட் முதலியோர் முப்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, உணர்ச்சியை ஏற்கும்போது மூளை இயங்கும் முறையில் ஆய்வுதோறும் மாறாது காணப்படும் ஆண் பெண் வேறுபாடு இல்லை என 2021-ஆம் ஆண்டு எழுதினர். ‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்று தொட்டிற்பருவம் முதலே கேட்டு வளர்பவன், அழுகையை மறைக்கக் கற்றுக்கொள்வதில் வியப்பென்ன?

வகுப்பு முடிந்தபின் அச்சிறுவன் தானே என்னிடம் வந்தான். கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்க்குத் துணையாக விடியலில் நடந்தபோது, வழியில் யானை எதிர்ப்பட்டதாம். பிறர் செவியில் விழாதவாறு, தாழ்ந்த குரலில் அதனைக் கூறினான்.